பைன் மரக்குளவிக்கு நூற்புழு செலுத்தியும் பலிக்கவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை காணும் வழி

பைன் மரங்களைக் கொல்லும் மரக்குளவியை மலடாக்கப் பைன் தோட்டத்தில் நூற்புழு என்னும் நுண்ணிய புழுவைச் செலுத்தியவர் பதிலுக்காக ஏறக்குறைய ஓராண்டு காத்திருக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் மரத்தை வெட்டி, துளையிட்டு, செலுத்திவிட்டு வந்தால், அடுத்த கோடையில் அந்தக் கட்டையிலிருந்து வெளிவரும் குளவியின் வயிற்றைக் கீறிப் பார்க்கும்போதுதான் வேலை பலித்ததா என்று தெரியும். அதற்குள் எந்தக் குழு எந்தச் சுத்தியலால் அடித்தது, நூற்புழுப் பை எத்தனை நேரம் வெயிலில் கிடந்தது என்பதெல்லாம் மறந்துபோயிருக்கும். விளைவு மோசமாக இருந்தால் பழி நூற்புழுவின் தலையில்தான் விழும். என் கருத்தில், பத்தில் எட்டு முறையாவது முதலில் சந்தேகிக்க வேண்டியவை துளை, மரத்தின் ஈரம், மரத்துக்குள் வளரும் பூஞ்சை ஆகிய மூன்றும்தான்.

இங்கே பேசப்படுவது சைரெக்ஸ் நொக்டிலியோ என்னும் மரக்குளவியும், அதைக் கட்டுப்படுத்தப் பயன்படும் டெலடெனஸ் சிரிசிடிகோலா என்னும் நூற்புழுவும். ஐரோப்பா, ஆசியா, வட ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்தக் குளவி, 1900 வாக்கில் நியூசிலாந்தில் தலைகாட்டியது. பிறகு 1952இல் டாஸ்மேனியா, 1961இல் விக்டோரியா, 1980இல் உருகுவே, 1988இல் பிரேசில், 1994இல் தென்னாப்பிரிக்கா என்று தென் அரைக்கோளத்தின் பைன் தோட்டங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தது. தெற்கு ஆஸ்திரேலியாவும் விக்டோரியாவும் சேரும் கிரீன் டிரையாங்கிள் பகுதியில் 1987 முதல் 1989 வரை ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ரேடியாட்டா பைன் மரங்கள் இதனால் செத்தன. கீழே வரும் வழிமுறைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலிய முறையை ஒட்டியவை. மற்ற நாட்டு முறை வேறுபடும் இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன். பருவங்கள் எல்லாம் தென் அரைக்கோளக் கணக்கு. அங்கே கோடை டிசம்பரில் தொடங்கும்.

மரத்துக்குள் நடப்பது என்ன

இதைத் தெரிந்துகொள்ளாமல் பிழை தேடுவது வீண் வேலை. பெண் குளவி தன் முட்டையிடும் ஊசியால் பைன் மரத்தைத் துளைத்து மூன்று பொருள்களை உள்ளே விடுகிறது: முட்டை, ஒரு நச்சுக் கோழை, அமைலோஸ்டீரியம் ஏரியோலேட்டம் என்ற பூஞ்சையின் வித்துகள். கோழை மரத்தை வாட்டுகிறது. பூஞ்சை கட்டையை உலர்த்துகிறது. பூஞ்சை படர்ந்த கட்டையைத் தின்றுதான் குளவியின் புழு வளர்கிறது.

நூற்புழுவுக்கு இரண்டு வாழ்க்கைகள் உண்டு. குளவிப் புழு அருகில் இல்லாதபோது அது அதே பூஞ்சையைத் தின்று தலைமுறை தலைமுறையாகப் பெருகிக்கொண்டே போகும். குளவிப் புழுவின் அருகே கரியமில வாயு மிகுந்து, அமிலத்தன்மையும் கூடியிருக்கும். அந்தச் சூழலில் வளரும் இளம் நூற்புழுக்கள் முற்றிலும் வேறு உருவம் கொண்ட பெண்களாக மாறி, குளவிப் புழுவின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகின்றன. குளவி கூட்டுப்புழுவாகும் கட்டத்தில் நூற்புழுக் குஞ்சுகள் வெளிப்பட்டு அதன் சினைப்பையை அடைந்து முட்டைகளுக்குள் புகுந்துவிடுகின்றன. வெளிவரும் குளவி பறக்கும், இன்னொரு மரத்தைத் தேடிப் போகும், துளைக்கும். ஆனால் அது இடும் முட்டை ஒவ்வொன்றும் நூறு, இருநூறு நூற்புழுக்கள் அடைந்த பொட்டலம். நூற்புழுவை அடுத்த மரத்துக்குக் கொண்டுசேர்க்கும் வேலையைக் குளவியே செய்துவிடுகிறது. நியூசிலாந்தில் 1962இல் மலட்டுக் குளவிகளில் இதைக் கண்டார்கள். இந்த இரட்டை வாழ்க்கையைப் பிரித்தறிந்தவர் ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தைச் சேர்ந்த ராபின் பெடிங்.

வேர்ப்புழுவுக்காக வயலில் விடும் நூற்புழுவை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஸ்டெய்னர்நீமா, ஹெட்டரோராப்டிடிஸ் ஆகியவை தம்முடன் சுமந்துவரும் பாக்டீரியாவால் பூச்சியை இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். டெலடெனஸ் யாரையும் கொல்வதில்லை, மலடாக்குகிறது, அவ்வளவுதான். செத்த புழுவைத் தேடிக் கட்டையைப் பிளப்பவருக்கு எதுவும் கிடைக்காது.

அறிகுறி: பையில் இருக்கும் நூற்புழு அசையவில்லை

நூற்புழுக்களைப் பூஞ்சையுடன் சேர்த்து, வேகவைத்துக் கிருமி நீக்கிய கோதுமையில் குடுவைகளுக்குள் வளர்த்து, அலசிப் பிரித்து, குளிர்நிலையில் பைகளாக அனுப்புவார்கள். பை கையில் வந்ததும் ஒரு சொட்டு எடுத்துச் சுத்தமான நீரில் விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே பார்த்தால் எல்லாம் செத்ததுபோலத்தான் கிடக்கும். அறை வெப்பத்துக்கு வர நேரம் கொடுங்கள். அதன் பிறகும் விறைத்துக் கிடப்பவை செத்தவை.

பாதிக்கு மேல் செத்திருந்தால் அந்தப் பையைப் பயன்படுத்த வேண்டாம். "இரண்டு மடங்கு ஊற்றிவிடலாம்" என்ற யோசனை அடிக்கடி வரும். அழுகிய நூற்புழுக்களுடன் பாக்டீரியாவும் துளைக்குள் போகும் என்பதால் அதை நான் ஏற்கமாட்டேன். சாவுக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைத்தது, அல்லது காற்றுப் புகாமல் அடர்த்தியாக அடைத்து வைத்தது. நூற்புழுவுக்கும் மூச்சுவிட வேண்டும். குளிர்பெட்டி உறைநிலைக்குப் போனாலும் கதை முடிந்தது. ஐந்து டிகிரியை ஒட்டி வைத்திருங்கள். துளையில் செலுத்துவதற்காக ஜெல்லில் கலந்த பிறகு மறுநாளுக்கு என்று எடுத்துவைக்காதீர்கள்.

அறிகுறி: பொறி மரத்தைக் குளவி சீண்டவே இல்லை

குளவி குறைவாக இருக்கும் தோட்டத்தில் அதை ஓரிடத்துக்கு வரவழைக்கச் சில மரங்களை வேண்டுமென்றே நலிவுறச் செய்வார்கள். அடிமரத்தைச் சுற்றித் துளையிட்டு டைகாம்பா போன்ற களைக்கொல்லியைச் சிறிதளவு செலுத்துவது வழக்கம். ஆஸ்திரேலியாவில் பத்து மரங்கள் ஒரு தொகுதி, பிரேசிலில் ஐந்து. மரம் உடனே செத்துவிடக் கூடாது. குளவி பறக்கும் வாரங்களில் அது மெதுவாகத் தளர்ந்துகொண்டிருக்க வேண்டும். தளரும் மரம் விடும் வாசனைதான் குளவியை இழுக்கிறது.

ஊசியிலைகள் முழுக்கப் பழுத்து, பட்டை காய்ந்து, குளவி துளைத்த இடத்தில் வடியும் பிசின் துளிகள் ஒன்றும் இல்லையென்றால், மருந்து முன்கூட்டியே போய்விட்டது அல்லது அளவு மிஞ்சிவிட்டது. ஊசிகள் பச்சையாகவே இருந்தால் பிந்திவிட்டது அல்லது மருந்து ஏறவில்லை. இரண்டுக்கும் இந்த ஆண்டு பரிகாரமில்லை; அடுத்த ஆண்டு தேதியை மாற்றுங்கள். குளவி பறக்கத் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால் என்பது பொதுவான கணக்கு. ஆனால் குளவி பறக்கும் காலமே இடத்துக்கு இடம் மாறும் என்பதால், வேறு மாநிலத்து நாள்காட்டியைக் கடன் வாங்காதீர்கள்.

இடத்தையும் பாருங்கள். செழித்து நிற்கும், நெருக்கம் குறைய இடையிடையே மரங்களை வெட்டிக் கலைத்துவிட்ட தோட்டத்தின் நடுவில் பொறி வைத்துவிட்டுக் குளவி வரவில்லையே என்பவர்கள் உண்டு. குளவி இருக்கும் இடம் நெருக்கமாக நட்டுக் கலைக்காமல் விட்ட பகுதி, ஒளி கிடைக்காமல் நசுங்கிய மரங்கள், வறட்சி தாக்கிய மேட்டு நிலம்.

அறிகுறி: பொறி மரத்தில் சிறு வண்டு மொய்க்கிறது, கட்டை நீலமாகக் கறுத்திருக்கிறது

ஆஸ்திரேலியாவில் இது பெரிய தலைவலி. வட அமெரிக்காவிலிருந்து வந்த இப்ஸ் கிராண்டிகோலிஸ் என்னும் பட்டைவண்டுக்கும் நலிந்த பைன் பிடிக்கும். சைரெக்ஸுக்காக நாம் வைக்கும் விருந்தில் அது முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பட்டைக்கு அடியில் கிளைகிளையாகச் சுரங்கம், பட்டையின் மேல் செம்பழுப்புத் தூள் என்றால் அது இப்ஸ். சைரெக்ஸ் புழுவின் சுரங்கமோ கட்டைக்குள்ளேயே ஓடும். அதன் பின்னால் தூள் இறுக்கமாக அடைந்திருக்கும்.

வண்டு தின்பதைவிட அது கொண்டுவரும் நீலக்கறைப் பூஞ்சைதான் நமக்குக் கேடு. அது அமைலோஸ்டீரியத்தை முந்திக்கொண்டு கட்டையைப் பிடித்துவிடும். நூற்புழுவால் நீலக்கறைப் பூஞ்சையைத் தின்று பெருக முடியாது. செலுத்திய நூற்புழு அத்தனையும் துளையின் ஓரத்திலேயே பட்டினி கிடந்து சாகும். ஆகவே வெட்டிய மரத்தின் குறுக்குவெட்டைப் பாருங்கள். ஆப்பு வடிவில் நீலமும் கறுப்பும் பெரும்பகுதியைப் பிடித்திருந்தால் அந்த மரத்தில் ஜெல்லை வீணாக்காதீர்கள். பொறி மரங்களில் ஆண்டுதோறும் இப்ஸ் வருகிறது என்றால் பொறியை நம்புவதை விட்டு, இயற்கையாகக் குளவி தாக்கிய மரங்களைத் தேடிப் பிடித்துச் செலுத்துங்கள். கூடுதல் நடை, கூடுதல் செலவு. ஆனால் பலன் தரும்.

அறிகுறி: செலுத்திய கட்டையிலிருந்து குளவியே வரவில்லை

இதைத் தோல்வி என்று எழுதுவதற்கு முன் அந்த மரத்தில் குளவி இருந்ததா என்று பாருங்கள். வட்டமான, விளிம்பு சுத்தமான வெளியேறும் துளைகள் ஏற்கெனவே இருந்தால் அது போன ஆண்டு தாக்கிய மரம். குளவி பறந்த பிறகு வெறும் கூட்டில் ஜெல் வைத்திருக்கிறீர்கள். ஊசிகள் முழுக்க உதிர்ந்த மரம் பெரும்பாலும் இந்த வகைதான். தேர்ந்தெடுக்க வேண்டியது ஊசிகள் மஞ்சளிலிருந்து பழுப்புக்கு மாறிக்கொண்டிருக்கும், பிசின் துளிகள் உள்ள, வெளியேறும் துளை இல்லாத மரத்தை. பட்டையைச் சீவினால் கட்டையில் நெடுக்காக ஓடும் மெல்லிய பழுப்புக் கோடுகள் தெரியும். பூஞ்சை வழி விட்ட தடம் அது.

இன்னொரு காரணம்: பொறுமை போதாமை. பெரும்பாலான குளவிகள் ஓராண்டில் வெளிவரும். டாஸ்மேனியா போன்ற குளிர்ந்த பகுதிகளில் ஒரு பகுதி இரண்டு ஆண்டும் எடுக்கும். ஒரு கோடை முடிந்ததும் கட்டைகளை விறகாக்கிவிட்டால் கணக்கு அரைகுறையாகவே நிற்கும்.

அறிகுறி: குளவி வருகிறது, ஆனால் உள்ளே நூற்புழு இல்லை அல்லது மிகக் குறைவு

பெரும்பாலான கேள்விகள் இதைப் பற்றியே வருகின்றன, ஆகவே நின்று பார்ப்போம்.

முதலில் சுத்தியல். துளையிடுவதற்கென்றே குழாய்போன்ற கூர்முனை வைத்த சுத்தியல் உண்டு. அடித்தவுடன் பின்வாங்கி, வட்டமாக ஒரு துண்டை வெட்டி எடுத்து, சுமார் ஒரு சென்டிமீட்டர் ஆழமுள்ள துளையை விடும். பைன் கட்டை நெடுக்காக அடுக்கிய மெல்லிய குழாய்களால் ஆனது. கூர்மையான முனை அந்தக் குழாய்களைச் சீராக வெட்டித் திறந்துவிடும். மழுங்கிய முனை அவற்றை மடக்கி நசுக்கி வாயை அடைத்துவிடும். நூற்புழு போக வேண்டிய வழி அந்தக் குழாய்தான். வாய் அடைத்திருந்தால் துளைக்குள் ஜெல் காயும்வரை இருந்து அங்கேயே மடியும். மாவரைக்கும் கல்லைக் கொத்திவைப்பதுபோல, இந்த முனையை வேலை நடக்கும்போதே தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும்; பருவத்துக்கு ஒரு முறை என்று ஒத்திவைத்தால் போதாது. துளையின் உட்சுவரை விரலால் தடவுங்கள், பூதக்கண்ணாடியால் பாருங்கள். வழவழப்பாக வெட்டுப்பட்டிருந்தால் சரி. நார் நாராகப் பிசிறியிருந்தால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள். துளையிடும் கருவிதானே என்று சாதாரண மின்துரப்பணம் கொண்டு வருபவர்களும் உண்டு. அது நாரைச் சுருட்டித் தூளால் அடைத்துவிடும் என்பதால் அதற்கு இங்கே இடமில்லை.

அடுத்து ஜெல். நீரை உறிஞ்சும் பாலிஅக்ரிலமைடு ஜெல்லிலோ, பிரேசிலில் செய்துவந்ததுபோல ஜெலட்டின் கரைசலிலோ நூற்புழுவைக் கலப்பார்கள். ஜெல் துளையை நிரப்ப வேண்டும்; அடியில் காற்றுக்குமிழி தங்கக் கூடாது. சாறுபோல் வழிந்தால் தண்ணீர் அதிகம். கட்டிகட்டியாக நின்றால் கலக்கியது போதாது, ஒரு துளையில் பத்தாயிரமும் அடுத்ததில் சூனியமும் போயிருக்கும். ஒரு துளைக்குச் சுமார் 2,000 நூற்புழு என்பது கணக்கு. விரலால் லேசாக அழுத்தி ஜெல்லைத் துளையின் சுவரோடு ஒட்டச் செய்யுங்கள். இந்த அழுத்தத்தை அவசரத்தில் விட்டுவிடுவதுதான் மாலை வேளைக் குழுக்களின் வழக்கம்.

துளைகளின் இடைவெளி முப்பது சென்டிமீட்டர். பருமனான கட்டைக்கு இரண்டு வரிசை, மெலிந்ததற்கு ஒன்று. மரத்தின் நுனிப்பகுதியை "அங்கே என்ன இருக்கப் போகிறது" என்று விட்டுவிடாதீர்கள். குளவி அங்கேயும் முட்டையிடும்.

மூன்றாவது, ஈரம். நூற்புழு நீந்தித்தான் நகரும். கட்டையின் குழாய்களில் மெல்லிய நீர்ப்படலம் இல்லாவிட்டால் அதற்கு வழியே இல்லை. குளவியும் பூஞ்சையும் சேர்ந்து மரத்தை நாளுக்கு நாள் உலர்த்திக்கொண்டே இருக்கின்றன. ஆகவே பருவத்தில் தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் நமக்கு எதிரானது. வெட்டிய மரத்தை நாட்கணக்கில் வெயிலில் போட்டுவிட்டுப் பிறகு துளையிடுவதும் கூடாது. வெட்டிய அன்றே செலுத்திவிடுங்கள். துளையிடும்போது சுத்தியல் எடுக்கும் துண்டு கையில் ஈரமாக இருக்கிறதா, உலர்ந்து பொடியாகிறதா என்று பாருங்கள். எந்த மானியும் இல்லாமல் களத்தில் செய்யக்கூடிய சோதனை அது, நம்பலாம். அதே நேரம், சொட்டச் சொட்ட ஈரமுள்ள பச்சை மரத்தில் பூஞ்சை இன்னும் பரவியிருக்காது. ஒரே தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து மரங்கள்கூட இதில் வேறுபடும்.

தென்னாப்பிரிக்கா இந்தப் பாடத்தைக் கடினமாகக் கற்றது. குளிர்காலத்தில் மழை பெய்யும் மேற்குக் கேப் பகுதியில் நூற்புழு நன்றாகவே வேரூன்றியது. குளவி கிழக்கே நகர்ந்து, கோடையில் மழை பெய்யும் குவாசூலு-நட்டாலை அடைந்தபோது, அதே நூற்புழு, அதே முறை, ஆனால் தொடக்க ஆண்டுகளில் பலன் மிகவும் சொற்பம். பிரெட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஃபாபி நிறுவனம் ஆராய்ந்தபோது கட்டையின் ஈரக் குறைவும், அமைலோஸ்டீரியத்தோடு போட்டியிடும் மற்றப் பூஞ்சைகளும் முக்கியச் சந்தேகங்களாக நின்றன. ஓரிடத்தில் பலித்த கால அட்டவணையை இன்னோரிடத்துக்கு அப்படியே தூக்கிச் செல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அறிகுறி: அடிக்கட்டையில் நூற்புழு உண்டு, நுனிக்கட்டையில் இல்லை

வெளிவரும் குளவிகளைப் பிடிக்கக் கட்டைகளைப் பீப்பாயில் போட்டு வலையால் மூடும்போது அடி, நடு, நுனி என்று தனித்தனியே குறியிட்டிருந்தால்தான் இந்த அறிகுறி உங்களுக்குத் தெரியவரும். நுனி விரைவில் உலர்கிறது. அதனால் அங்கே குறைவது இயல்பு. வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தால், மரம் செலுத்துவதற்குள் ஏற்கெனவே உலர்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு சில வாரங்கள் முன்னதாகத் தொடங்குங்கள். மாறாக அடியும் நுனியும் ஒரே அளவில் மோசமென்றால், ஈரத்தை விட்டுவிட்டுச் சுத்தியலையும் பையையும் விசாரியுங்கள்.

அறிகுறி: உடலில் நூற்புழு நிறைந்திருக்கிறது, முட்டைகள் நலமாக இருக்கின்றன

இங்கே பழியை நூற்புழுவின் மேல் போடலாம். குளவியின் உடற்குழிக்குள் வளர்ந்தும் முட்டைக்குள் நுழையாத வகைகள் உண்டு. வட அமெரிக்காவில் 2004-05இல் சைரெக்ஸ் கண்டுபிடிக்கப்பட்டபோது, அங்குள்ள குளவிகளில் டெலடெனஸ் சிரிசிடிகோலா ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது குளவியை மலடாக்காத வகை. அத்தகைய நூற்புழு உள்ள குளவியை 'ஒட்டுண்ணி உள்ளது' என்று பட்டியலில் சேர்த்தால் விழுக்காடு அழகாக இருக்கும், மரங்கள் செத்துக்கொண்டே போகும். எனவே குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் வேண்டும்: உடலில் நூற்புழு உண்டா, முட்டைக்குள் உண்டா. ஒரே பத்தி வைத்திருக்கும் அறிக்கையை நான் நம்புவதில்லை.

பூஞ்சையின் வகையும் இதில் குறுக்கிடும். அமைலோஸ்டீரியம் ஏரியோலேட்டத்திலேயே பல வகைகள் உண்டு. எல்லாவற்றின் மேலும் ஒரே நூற்புழு ஒரே வேகத்தில் பெருகுவதில்லை. வளர்ப்புக் கூடத்தில் நூற்புழுவுக்கு உணவாகும் பூஞ்சையும் தோட்டத்துக் குளவி சுமக்கும் பூஞ்சையும் வேறாக இருந்தால், கூடத்தில் கொழித்த நூற்புழு காட்டில் மெலியும்.

அறிகுறி: முன்பு நன்றாகப் பலித்தது, ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது

ஆஸ்திரேலியாவே இதில் அகப்பட்டுக்கொண்டது. ஹங்கேரியின் ஷோப்ரோனிலிருந்து வந்த வகையை 1970 முதல் விட்டார்கள். தொடக்கத்தில் நூற்புழு ஏறிய குளவிகள் நூற்றுக்கு நூறை நெருங்கிய இடங்கள்கூட உண்டு. அதே வகையைக் கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பூஞ்சையிலேயே வளர்த்துக்கொண்டிருந்தார்கள். குளவியையே காணாத தலைமுறைகள் வரிசையாக வந்தன. பூஞ்சையில் நன்றாகப் பெருகுபவையே தேர்ந்து தேர்ந்து மிஞ்சின. குளவிக்குள் நுழையும் உருவத்துக்கு மாறும் திறன் தேய்ந்துபோனது. தோட்டத்தில் ஒட்டுண்ணி விழுக்காடு 25க்கும் கீழே இறங்கிய பிறகுதான் உண்மை தெரிந்தது. பழைய நூற்புழுவை விட்டு வெகுநாளான டாஸ்மேனியாவின் கமோனா காட்டுக்குத் திரும்பிப்போய், அங்கே குளவிகளில் தொடர்ந்து வாழ்ந்துகொண்டிருந்த நூற்புழுவை 1991இல் மீட்டெடுத்தார்கள். இன்று பல நாடுகள் பயன்படுத்தும் கமோனா வகை இதுதான். மூலத்தை இப்போது திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் காக்கிறார்கள்.

உங்கள் தோட்டத்தில் இதே சரிவு தெரிந்தால் பையை அனுப்பும் கூடத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வளர்ப்பு கடைசியாக எப்போது குளவியின் உடலிலிருந்து எடுக்கப்பட்டது? பதிலில் தயக்கம் இருந்தால் வேறு மூலம் தேடுங்கள். ஒரு சிக்கல் மிஞ்சும். திறனிழந்த வகையைப் பல ஆண்டுகள் விட்டுவிட்ட தோட்டத்தில், அது மரங்களில் தங்கிப் புதியதோடு கலக்கவும் போட்டியிடவும் வாய்ப்புண்டு. ஒரே ஆண்டில் நிலைமை திரும்பிவிடும் என்று மேலதிகாரியிடம் உறுதி கொடுக்காதீர்கள்.

அறிகுறி: ஒட்டுண்ணி விழுக்காடு உயர்ந்துவிட்டது, மரங்கள் சாவது நிற்கவில்லை

பதற்றம் வேண்டாம், இது பெரும்பாலும் பிழையே இல்லை. நூற்புழு ஏறிய பெண் குளவியும் மரத்தைத் துளைக்கும். முட்டைதான் மலடு, கோழையும் பூஞ்சையும் மலடல்ல. இந்த ஆண்டு அது தாக்கிய மரம் சாகத்தான் செய்யும். சாவு குறைவது அதற்கடுத்த பருவத்திலோ அதையும் தாண்டியோதான் தெரியும். இதைத் தெரியாமல் "பணம் வீண்" என்று திட்டத்தை நிறுத்திவிட்டால், பலன் கைக்கு வரும் நேரத்தில் விட்டுவிட்டதாக ஆகும்.

இரண்டு பருவங்கள் கடந்தும் குறையவில்லை என்றால் தோட்டத்தைப் பாருங்கள். கலைக்க வேண்டிய ஆண்டில் கலைக்காமல் விட்ட, நெருக்கமான, தண்ணீருக்கு ஏங்கும் மரங்கள் இருக்கும்வரை குளவிக்குச் சோறு உண்டு. நியூசிலாந்தில் 1940களிலும் கிரீன் டிரையாங்கிளில் 1980களிலும் நேர்ந்த பேரழிவுகள் கலைக்காத தோட்டங்களில்தான் மூண்டன. கலைத்தலைத் தள்ளிப்போட்டுவிட்டு நூற்புழுவுக்கு மட்டும் பணம் ஒதுக்கும் நிர்வாகத்தை எந்த ஜெல்லும் காப்பாற்றாது. கலைப்பதற்கும் நேரம் பாருங்கள்: குளவி பறக்கும் பருவத்தில் கலைத்தால், காயம்பட்ட மரங்களின் வாசனையே அவற்றை அழைத்துவரும்.

இபாலியா, மெகாரிஸா, ரிஸா போன்ற ஒட்டுண்ணிக் குளவிகள் உங்கள் பீப்பாயில் வெளிவந்தால் அவற்றைச் சைரெக்ஸ் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அவை நம் தரப்பு. தனியே எண்ணி எழுதி, உயிரோடு தோட்டத்தில் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: ஆண் குளவிகளில் நூற்புழு மிகுதி, பெண்களில் குறைவு

ஆண் குளவியில் ஏறிய நூற்புழுவுக்கு முன்னால் வழியில்லை. ஆண் முட்டையிடாது, நூற்புழு வெளியேற வாயில் கிடையாது. இனச்சேர்க்கை நடக்காத பெண் இடும் முட்டைகள் ஆணாகவே பிறக்கும் என்பதால், குளவி புதிதாக வந்த இடத்தில் ஆண்களே அதிகம் இருக்கும். அப்போது பத்துப் பதினைந்து பெண்களை மட்டும் கீறிப் பார்த்துவிட்டு விழுக்காடு சொல்லக் கூடாது. எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஆண், பெண் கணக்கைத் தனித்தனியே எழுதுங்கள். செலுத்தியது பலித்ததா என்பதை அறிய இரண்டும் உதவும், நூற்புழு பரவுமா என்பதைப் பெண்ணின் கணக்கு மட்டுமே சொல்லும். பெண்ணின் உருவ அளவையும் குறித்துவையுங்கள். சிறிய குளவி முட்டைகளைக் குறைவாகவே சுமக்கும். பருமனான, நூற்புழு ஏறிய ஒரு பெண் பரப்பும் அளவைச் சிறியவை சில சேர்ந்தால்கூட எட்டாது.

அறிகுறி: கட்டைத் துண்டை நீரில் ஊறவைத்தால் நூற்புழு வருகிறது, ஆனால் அது நம்முடையதா என்று தெரியவில்லை

செத்த பைன் மரத்தில் பலவகை நூற்புழுக்கள் குடியிருக்கும்: பாக்டீரியா தின்பவை, பூஞ்சை தின்பவை, வண்டுகளோடு வந்தவை. பைனைக் கொல்லும் பர்சபெலெங்கஸ் இனத்தின் உறவுகளும் அவற்றில் உண்டு. வாயில் ஊசிபோன்ற குத்துமுள் இருப்பதை மட்டும் வைத்து டெலடெனஸ் என்று முடிவுசெய்ய முடியாது. பூஞ்சை தின்னும் மற்ற நூற்புழுக்களுக்கும் அது உண்டு. ஊறவைத்த நீரில் கண்டதை வெற்றியாக எழுதாதீர்கள். குளவியின் முட்டைக்குள்ளிருந்து எடுத்ததைத் தனிக் குப்பியில் ஆல்கஹாலில் இட்டு, மரத்தின் எண், கட்டையின் நிலை, குளவி வெளிவந்த தேதி ஆகியவற்றுடன் மரபணுச் சோதனைக்கு அனுப்புங்கள். கட்டையிலிருந்து வந்ததையும் அனுப்புவதாக இருந்தால் வேறு குப்பி, வேறு சீட்டு.